பிரிண்ட் செய்த டி-சர்ட்டைக் கெடுக்காமல் துவைப்பதும் தேய்ப்பதும்: முழுமையான வழிகாட்டி

பிரிண்ட் செய்த டி-சர்ட் பாழாகும்போது பெரும்பாலும் முதலில் போவது அதன் மேலிருக்கும் படம்தான். எழுத்துகள் விரிசல் விட்டு, ஓரங்கள் உரிந்து, நிறம் வெளிறிய பிறகும் துணி நன்றாகவே இருக்கும். ஆனாலும் அதை அணிந்து வெளியே செல்ல மனம் வராமல், முதலில் வீட்டு உடையாகவும் பிறகு வண்டி துடைக்கும் துணியாகவும் ஒதுக்கிவிடுகிறோம். நல்ல நூலில் பின்னி, சாயமேற்றி, பலர் கைபட்டு வந்த ஓர் உடை இப்படி அரை ஆயுளில் முடிந்துபோவது வருத்தத்திற்குரியது. அதைப் பெருமளவு தவிர்க்கவும் முடியும். பருத்தித் துணி சூட்டையும் காரத்தையும் உரசலையும் ஓரளவு தாங்கும். அதன்மேல் படிந்திருக்கும் மைப்படலத்துக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. ஆகவே துவைக்கும் முறையையும் தேய்க்கும் முறையையும் துணியைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த மையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

என்ன வகை பிரிண்ட் என்று கண்டறிதல்

திருப்பூர்ப் பட்டறைகளில் பிரிண்ட் வகைகளுக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. வீட்டில் துவைப்பவருக்கு அவை எல்லாம் தேவையில்லை. கையால் தடவியும் லேசாக இழுத்தும் பார்த்துச் சில வகைகளைப் பிரித்தறிந்தால் போதும்.

தடவினால் பிளாஸ்டிக் படலம் போல வழவழப்பாகவும் துணியைவிடச் சற்று மேடாகவும் இருந்தால் அது பெரும்பாலும் பிளாஸ்டிசால். பி.வி.சி. துகள்களைப் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து செய்யும் மை இது. சாதாரணமாகக் காற்றில் வைத்தால் உலராது. ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால்தான் இறுகும். இறுகிய பிறகும் சூடு பட்டால் மீண்டும் இளகும் என்பது இதன் முக்கியமான இயல்பு. இஸ்திரிப் பெட்டியில் படம் ஒட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுவே. பட்டறையில் அவசரப்பட்டுப் போதுமான சூடு கொடுக்காமல் விட்டிருந்தால், எவ்வளவு கவனமாகத் துவைத்தாலும் இந்தப் பிரிண்ட் சில சலவைகளிலேயே விரிசல் விடும். வாங்கும்போதே படத்தை இரு விரல்களால் மெதுவாக இழுத்துப் பார்ப்பது நல்லது. இழுத்தவுடன் வெடிப்புத் தெரிந்தால் அந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே சரி.

தடவினால் துணிக்கும் படத்துக்கும் வேறுபாடே தெரியாவிட்டால் அது பிக்மென்ட் பிரிண்டாகவோ டிஸ்சார்ஜ் பிரிண்டாகவோ இருக்கும். பிக்மென்ட் பிரிண்டில் நிறத்துகள்களை பைண்டர் என்ற பசை நூலிழைகளோடு பிடித்து வைத்திருக்கிறது. இது உரியாது, வெடிக்காது. ஆனால் உரசலில் நிறம் சிறிது சிறிதாகத் தேயும். டிஸ்சார்ஜ் என்பது துணியில் ஏற்கெனவே இருக்கும் சாயத்தை வேதிப்பொருளால் நீக்கி அந்த இடத்தில் படத்தை உண்டாக்கும் முறை. புதிய சட்டையில் கந்தக நெடி போன்ற வாசனை வந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். ஒருமுறை அலசினால் போய்விடும். அலசிய பிறகு அணிவது தோலுக்கும் நல்லது. துவைப்பதற்கும் தேய்ப்பதற்கும் இவை இரண்டுமே எளியவை.

பட்டறைகளில் ரப்பர் பிரிண்ட் என்று சொல்வது நீரை அடிப்படையாகக் கொண்ட, சற்றுத் தடிமனான, இழுபடும் தன்மையுள்ள மை. அடர்நிறத் துணியில் வெள்ளை எழுத்துப் போடுவதற்கு இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். பராமரிப்பில் இதைப் பிளாஸ்டிசாலைப் போலவே நடத்தலாம்.

கல்லூரி விழா, கோயில் திருவிழா, கிரிக்கெட் அணி, குடும்ப விசேஷம் ஆகியவற்றுக்குச் சிறு எண்ணிக்கையில் அடிக்கப்படும் சட்டைகள் இப்போது பெரும்பாலும் டி.டி.எஃப். முறையிலோ வினைல் முறையிலோ வருகின்றன. டி.டி.எஃப்.பில் படத்தை முதலில் ஒரு பிலிமில் அச்சிட்டு, அதன்மேல் பாலியூரித்தேன் பசைத்தூளைத் தூவி உருக்கி, பிறகு வெப்ப அழுத்த இயந்திரத்தால் துணிக்கு மாற்றுகிறார்கள். வினைல் என்பது எழுத்து வடிவில் வெட்டிய தாளை அதேபோல ஒட்டுவது. இதை ஸ்டிக்கர் பிரிண்ட் என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் படத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தால் விளிம்பு தட்டுப்படும். சூட்டில் ஒட்டிய பசை சூட்டிலேயே நெகிழும் என்பதால் எல்லா வகைகளிலும் மிகுந்த கவனம் தேவைப்படுபவை இவை.

விளையாட்டு ஜெர்சிகளில் உள்ளது சப்ளிமேஷன். சுமார் 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே புகுந்துவிடுவதால், துணியின் மேல் தனியாக எந்தப் படலமும் இருக்காது. துவைப்பதால் இது கெடாது என்றே சொல்லலாம். ஆனால் துணி பாலியஸ்டர் என்பதால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பளபளப்புத் தட்டும்.

இவை தவிர உப்பலாக எழும்பி நிற்கும் பஃப், தங்கத்தகடு போல மின்னும் ஃபாயில், வெல்வெட் போன்ற ஃப்ளாக், மினுக்குத்தூள் தூவிய கிளிட்டர் ஆகியவையும் உண்டு. இவற்றின்மேல் இஸ்திரிப் பெட்டியை எந்தச் சூழ்நிலையிலும் வைக்கவே கூடாது.

என்ன வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால், அதை டி.டி.எஃப்., வினைல் போன்ற ஒட்டுப்படமாகவே கருதி நடத்துங்கள். அதற்குரிய கவனத்தைக் கொடுத்தால் வேறு எந்த வகையும் கெடாது.

கழுத்துப் பட்டையிலுள்ள குறியீடுகள்

கழுத்தின் பின்புறமோ பக்கத் தையலிலோ உள்ள லேபிளை வெட்டி எறிவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். தண்ணீர்த்தொட்டி போன்ற படத்துக்குள் உள்ள எண், துவைக்கும் நீரின் அதிகபட்ச வெப்பம். அதன் கீழே கோடு இருந்தால் இயந்திரத்தை மென்மையான ஓட்டத்தில் வைக்க வேண்டும். முக்கோணத்தின் குறுக்கே கோடு அடித்திருந்தால் பிளீச் கூடாது. சதுரத்துக்குள் வட்டம் இருந்து அதன் குறுக்கே கோடு அடித்திருந்தால் உலர்த்தும் இயந்திரம் கூடாது. இஸ்திரிப் பெட்டியின் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் ஏறக்குறைய 110 டிகிரி, இரண்டு புள்ளி என்றால் 150, மூன்று என்றால் 200 வரை. நம் வீட்டுப் பெட்டிகளில் நைலான் என்ற நிலை ஒரு புள்ளிக்கும், பட்டு, கம்பளி நிலைகள் இரண்டுக்கும், காட்டன் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒத்துவரும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில லேபிள்கள் துணியை மட்டும் கருத்தில் கொண்டு தைக்கப்பட்டவை. பிரிண்ட் பின்னர் வேறொரு பட்டறையில் போடப்பட்டிருக்கும். ஆகவே லேபிளில் மூன்று புள்ளிகள் இருந்தாலும் அது பருத்திக்குரிய அனுமதி. படத்துக்கு அது பொருந்தாது.

முதல் சலவை

வெப்பத்தால் ஒட்டிய படமாக இருந்தால் அச்சிட்டு ஒரு நாள் முழுவதும் கடந்த பிறகே தண்ணீரில் நனைக்க வேண்டும். பசை முழுமையாக இறுக அந்த இடைவெளி தேவை. விழாவுக்கு முந்தைய இரவு கைக்கு வந்த சட்டையை அப்போதே துவைத்துப் போட நினைப்பவர்கள், அதைத் துவைக்காமல் அணிந்துவிட்டு மறுநாள் துவைப்பதே மேல்.

சிவப்பு, கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறச் சட்டைகளை முதல் இரண்டு மூன்று முறை தனியாகவே துவைக்க வேண்டும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் பெரும்பகுதி இழையோடு வேதிப்பிணைப்பாக இணைந்துவிடும். இணையாமல் தங்கிய மீதிதான் முதல் சில சலவைகளில் வெளியேறுகிறது. அது முழுவதும் போகட்டும் என்று விட்டுவிடுவதே சரியான வழி. உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பரவலாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. சாயப்பட்டறையில் உப்புப் போடுவது சாயத்தை இழையின் பக்கம் செலுத்துவதற்காக. அங்கே சாயத்தை இழையோடு பிணைப்பது காரம். பிணையாமல் தங்கிவிட்ட சாயத்தை வீட்டு வாளியில் போடும் ஒரு கைப்பிடி உப்பு பிணைத்துவிடாது. சாயம் போகிறதா என்று அறிய, ஈரமான வெள்ளைத் துணியால் உட்புறத் தையலருகே அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் போதும்.

அடர்நிறச் சட்டையில் வெள்ளை எழுத்து இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. சாயம் கலந்த தண்ணீரில் நெடுநேரம் ஊறினால் அந்த வெள்ளை மங்கிவிடும். இரவு முழுவதும் ஊறவைக்கும் வழக்கத்தை இந்தச் சட்டைகளுக்கு அடியோடு விட்டுவிட வேண்டும்.

கறை இருந்தால்

துவைப்பதற்கு முன்பே கறையைக் கவனிக்க வேண்டும். எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டை விரலால் தடவி, பத்து நிமிடம் விட்டு அலசினால் பெரும்பாலும் போய்விடும். குழம்புக் கறையில் மஞ்சள் இருப்பதால் சோப்புப் பட்டவுடன் அது சிவப்பாக மாறும். காரம் பட்டால் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அப்படி மாறுவது இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. குர்குமின் வெயிலில் சிதையும். எனவே துவைத்த பிறகு மஞ்சள் எஞ்சியிருந்தால், அந்த இடம் மட்டும் காலை வெயில் படும்படி சிறிது நேரம் வைத்துப் பிறகு நிழலுக்கு மாற்றலாம்.

படத்தின் மேலேயே கறை பட்டிருந்தால் நீர்த்த சோப்புத் திரவமும் மென்மையான துணியும் தவிர வேறெதையும் பயன்படுத்த வேண்டாம். நகப்பூச்சு நீக்கி, தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவை கறையைக் கரைக்கும்போதே மையையும் இளக்கிவிடும். பேனா மைக்காக ஸ்பிரிட் தொடுவதும் ஆபத்தே. குளோரின் பிளீச்சை வெள்ளைச் சட்டையிலும் தவிர்ப்பது நல்லது. வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போடுபவர்கள் அதை நிறையத் தண்ணீரில் நன்றாகக் கலந்த பிறகே சட்டையை இறக்க வேண்டும். வெளிர்நிறப் படத்தின்மேல் நேராக விழுந்த சொட்டை எடுப்பது கடினம். கஞ்சி போடுவது பின்னல் துணிக்கு ஒத்துவராத வேலை.

கையால் துவைத்தல்

சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொள்வதே முதல் வேலை. இந்த ஒரு பழக்கம் மட்டும் இருந்தாலே படத்தின் ஆயுள் கணிசமாக நீளும். ஏனெனில் உரசல் அனைத்தும் பின்புறத் துணியோடு நின்றுவிடுகிறது.

வாளியில் சாதாரணத் தண்ணீர் பிடித்து, சோப்புத்தூளையோ திரவத்தையோ அதில் முழுவதும் கரைத்த பிறகே சட்டையைப் போட வேண்டும். சட்டையைப் போட்டு அதன்மேல் தூளைத் தூவினால், கரையாத துகள்கள் பின்னலுக்குள் சிக்கிக் கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும்; அவை உராயும்போது மையையும் கீறும். சோப்புத்தூளில் பெரும்பாலும் சலவைச்சோடா இருப்பதால் அதன் காரத்தன்மை அதிகம். திரவச் சோப்பு அந்த அளவுக்குக் காரமாக இருக்காது, குளிர்ந்த நீரிலும் உடனே கலந்துவிடும். பிரிண்ட் சட்டைகளுக்கு நான் பரிந்துரைப்பது அதையே. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருக்கும் ஊர்களில் கட்டிச் சோப்பைத் தேய்த்தால் வெள்ளைப் படிவு உண்டாகி, படத்தின்மேல் மங்கல் திரை போல நின்றுவிடும். கட்டிச் சோப்பைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டுமானால் கழுத்திலும் அக்குளிலும் மட்டும் தடவுங்கள்.

பதினைந்து முதல் இருபது நிமிடம் ஊறினால் போதும். பிறகு இரு கைகளாலும் அழுத்தி விடுவித்து, அழுக்கு நீரை வெளியேற்ற வேண்டும். பிரஷ் வேண்டாம். துவைகல்லில் அடிக்கவே கூடாது; கல்லில் ஓங்கி அடிக்கும் வேகத்தில் மைப்படலம் மடிந்து நொறுங்குகிறது. அழுக்கு அதிகம் சேரும் இடங்கள் கழுத்து, அக்குள், கையோரம் ஆகியவைதான். அந்த இடங்களை மட்டும் துணியோடு துணி வைத்துக் கசக்கினால் போதும். நெஞ்சுப் பகுதியைக் கசக்க வேண்டிய தேவை அரிதாகவே வரும்.

நுரை நிற்கும் வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசவும். சோப்பு எச்சம் தங்கினால், தேய்க்கும்போது சூட்டில் அது மஞ்சளாகக் கறுக்கும். வாசனைக்காகச் சேர்க்கும் துணி மென்மைத் திரவம் இழைகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிவது. ஒட்டுப்படங்களின் பசையை அது தளர்த்தக்கூடும் என்பதால் அதை ஒதுக்கிவிடுவது நல்லது.

முறுக்கிப் பிழிவது அடுத்த பெரிய தவறு. முறுக்கும்போது துணி இழுபடுகிறது. தடிமனான மை அந்த அளவுக்கு இழுபடாமல் கீறல் விடுகிறது. சட்டையைச் சுருட்டாமல் அடுக்காக மடித்து, வாளியின் சுவரோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை வெளியேற்றலாம். இன்னும் நன்றாக வடிய வேண்டுமானால், உலர்ந்த துண்டை விரித்து அதன்மேல் சட்டையைப் பரப்பி, பாய் சுருட்டுவது போலத் தளர்வாகச் சுருட்டி மேலிருந்து அழுத்தினால் துண்டு ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

இயந்திரத்தில் துவைத்தல்

இயந்திரத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: கூடப் போகும் துணி, நீரின் சூடு, சுழலும் வேகம். ஜீன்ஸ் பேன்ட், ஜிப் வைத்த உடை, கொக்கியுள்ள உள்ளாடை, குளியல் துண்டு ஆகியவற்றோடு பிரிண்ட் சட்டையைப் போட்டால் அவை ரம்பம் போல அதை உரசும். டி-சர்ட்டுகளை மட்டும் தனியாகச் சேர்த்து, உள்பக்கம் திருப்பி, முடிந்தால் ஜிப் வைத்த வலைப்பையில் போடுங்கள். தொட்டியை முழுவதும் நிரப்பாமல் முக்கால் பங்கோடு நிறுத்தினால்தான் துணிகள் நெருக்கி உரசாமல் தண்ணீரில் புரளும்.

முன்புறக் கதவுள்ள இயந்திரங்களில் காட்டன் நிரலைத் தேர்ந்தெடுத்தால் பலவற்றில் தண்ணீரின் சூடு தானாகவே 40 டிகிரிக்கோ அதற்கு மேலோ போய்விடும். அதைக் குளிர்நீருக்கோ அதிகபட்சம் 30 டிகிரிக்கோ மாற்றிய பிறகு பொத்தானை அழுத்துங்கள். சுழற்சி வேகம் 1,200, 1,400 என்று இருந்தால் 600 முதல் 800 வரை குறைத்துவிடலாம். துணி சற்று ஈரமாக வந்தாலும் படத்தில் மடிப்புத் தடங்கள் விழாது. மேற்புறம் திறக்கும் இயந்திரங்களில் மென்துணிகளுக்கான நிரல் போதுமானது.

சலவை முடிந்ததும் உடனே எடுத்துவிடுவது முக்கியம். ஈரச்சட்டை தொட்டிக்குள் சுருண்டு கிடந்தால், ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். சாயமும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். உலர்த்தும் வசதி கொண்ட இயந்திரம் வீட்டில் இருந்தாலும் பிரிண்ட் சட்டைகளை அதில் விடாதீர்கள். சூடான காற்றில் புரளும்போது பருத்தி சுருங்குகிறது, மேலிருக்கும் மை அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. படத்தைச் சுற்றித் துணி சுருக்கம் தட்டி நிற்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

உலர்த்துதல்

உள்பக்கம் திருப்பிய நிலையிலேயே, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்த வேண்டும். கத்தரி வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் மதியம் முழுவதும் கிடக்கும் சட்டை இரண்டு வகையில் அடி வாங்குகிறது: புற ஊதாக் கதிர் சாயத்தை வெளுக்கிறது, சூடு பிளாஸ்டிக் மையை நாள்படக் கெட்டியாக்கி உடையச் செய்கிறது. மாடியைத் தவிர வேறிடம் இல்லாதவர்கள் காலை வெயிலில் காயப்போட்டு, உச்சிக்கு முன் எடுத்துவிடலாம்.

நனைந்த பின்னல் துணி தன் எடையாலேயே கீழ்நோக்கி இழுபடும். தோளில் கிளிப் போட்டால் தோள் கூம்பும். ஹேங்கரில் மாட்டினால் அதன் முனைகள் புடைத்துத் தெரியும். சட்டையை அக்குள் மட்டத்தில் கொடியின்மேல் பாதியாக மடித்துப் போட்டு, அக்குளருகே கிளிப் மாட்டுவது நல்லது. கொடி படத்தின் நடுவே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

காயப்போடும் முன் மெதுவாக ஒருமுறை உதறி, பக்கத் தையல்களையும் கீழ்மடிப்பையும் கையால் நேராக இழுத்துவிட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் பல சட்டைகளைத் தேய்க்க வேண்டிய தேவையே வராது. பக்கத் தையல் முன்னால் திரும்பி, படம் சாய்ந்து தெரிந்தால் உங்கள் சலவையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். சிங்கிள் ஜெர்சி என்ற ஒற்றைப் பின்னல் துணியில் நூலின் முறுக்கு விசையால் இந்தத் திருகல் வருவதுண்டு. துணி தயாரிக்கும் இடத்தில் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டிய குறை அது. ஈரமாக இருக்கும்போது எதிர்ப்பக்கம் இழுத்துக் காயவைத்தால் ஓரளவு நிமிரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் உலர்த்துபவர்கள் சட்டைகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு மின்விசிறியைப் போட்டுவிட வேண்டும். அரைகுறை ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் காயவைக்கும் பழக்கம், தடித்த படம் உள்ள சட்டைகளில் பெரும் கேட்டை விளைவிக்கும். ஈரம் போகும் வரை பெட்டி ஒரே இடத்தில் நின்று, மையின் சூடு ஏறிக்கொண்டே போகும்.

தேய்த்தல்

படம் பாழாவது சலவையில் மெதுவாகவும் இஸ்திரியில் ஒரே நொடியிலும் நடக்கும். ஆகவே இந்தப் பகுதியில்தான் பொறுமை அதிகம் தேவை.

முதலில், தேய்த்துத்தான் ஆக வேண்டுமா என்று பாருங்கள். பனியன் துணியின் சுருக்கம் உடல் சூட்டிலேயே பாதி போய்விடும். தேய்ப்பதென்று முடிவு செய்தால், சட்டையை உள்பக்கம் திருப்பி, பெட்டியை நைலான் நிலையில் வைத்துத் தொடங்க வேண்டும். படமில்லாத கைப்பகுதியில் வைத்துப் பார்த்து, சுருக்கம் எடுபடாவிட்டால் மட்டும் ஒரு படி ஏற்றலாம். பருத்தியின் சுருக்கம் எளிதாக எடுபட வேண்டுமானால், சூட்டை ஏற்றுவதைவிட, படமில்லாத இடங்களில் தண்ணீரை லேசாகத் தெளிப்பது நல்ல வழி.

பலருக்கும் தெரியாத ஓர் ஆபத்து இங்கே உள்ளது. சட்டையைத் திருப்பிப் போட்டதும், முன்பக்கப் படம் உள்ளே போய்ப் பின்பக்கத் துணியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முதுகிலும் படம் இருந்தால் இரண்டு படங்களும் ஒன்றையொன்று தொடும். டி-சர்ட் துணி பெரும்பாலும் ஒரு சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிராம் எடையுள்ள மெல்லிய துணிதான். மேலே வைத்த சூடு நேராக உள்ளே இறங்கி மையை இளக்கும், இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். திருப்பித் தேய்த்தும் படம் கெட்டுவிட்டது என்று வருந்துபவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான். தேய்க்கத் தொடங்கும் முன் சட்டைக்குள் ஒரு தட்டையான பருத்தித் துணியையோ, கேக் செய்யும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாளையோ நுழைத்துப் படத்தைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். மெழுகு பூசிய தாள் கூடாது. மெழுகு உருகித் துணியில் இறங்கிவிடும். செய்தித்தாளும் வேண்டாம், அதன் மை ஏறும்.

பெட்டியை நீளவாக்கில், கழுத்திலிருந்து கீழ்நோக்கி நகர்த்த வேண்டும். குறுக்காகத் தள்ளினால் பின்னல் அகலமாக இழுபட்டு, சட்டை குட்டையாகவும் அகலமாகவும் மாறிவிடும். படம் உள்ள இடத்துக்கு வந்ததும் தள்ளுவதை நிறுத்தி, இரண்டு மூன்று நொடி மெதுவாக வைத்து எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அந்த இடத்தில் நீராவி வேண்டாம், டி.டி.எஃப்., வினைல் ஓரங்கள் நீராவியின் சூட்டிலும் ஈரத்திலும் எழும்பக்கூடும். பாலியஸ்டர் கலந்த துணியில் இன்னொரு சிக்கலும் வரும்: சிவப்புப் பாலியஸ்டர் சட்டையில் வெள்ளை எழுத்து இருந்தால், சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறி, வெள்ளை ரோஜா நிறமாகிவிடும். அப்படி ஏறிய நிறத்தைத் துவைத்து எடுக்க முடியாது. இத்தகைய சட்டைகளை ஒரு புள்ளிச் சூட்டுக்கு மேல் தேய்க்கவே கூடாது.

தேய்த்து முடித்தவுடன் மடிக்காதீர்கள். மை இன்னும் இளக்கமாக இருக்கும். ஐந்து நிமிடம் தட்டையாக ஆறவிட்டுப் பிறகு உள்ளே வைத்த தாளை எடுத்து, சட்டையை நேர்ப்பக்கம் திருப்பி மடிக்கலாம். மடிப்பு படத்தின் நடுவே விழாமல் இருபக்க ஓரங்களில் விழட்டும். அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாரம் ஏற்றி அடுக்குவதைத் தவிர்த்து, தடித்த படம் உள்ளவற்றின் இடையே ஒரு தாள் வைத்துவிட்டால் போதும்.

இஸ்திரிக் கடைக்குக் கொடுக்கும்போது

தெருமுனை இஸ்திரி வண்டியில் உள்ள கரிப்பெட்டிக்குச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு கிடையாது. கரி நன்றாகக் கனன்றிருக்கும்போது அது பருத்தி வேட்டிக்கும் சட்டைக்கும் உகந்த சூட்டில் இருக்கும். பிளாஸ்டிசால் படத்துக்கு அது மிகவும் அதிகம். தேய்த்துக் கொடுப்பவர்கள் அனுபவத்தால் இதை அறிந்தவர்கள்தான் என்றாலும், நூறு துணிகளின் நடுவே ஒரு சட்டையை மட்டும் தனியாகக் கவனிக்கும்படி நாம்தான் சொல்ல வேண்டும். சட்டையை உள்பக்கம் திருப்பி, உள்ளே பழந்துணி ஒன்றை நுழைத்துத் தனியாக மடித்துக் கொடுங்கள். “அண்ணா, இது பிரிண்ட் போட்டது, திருப்பாம இப்படியே தேய்ங்க, பெட்டி ஆறினப்புறம் கடைசியா எடுத்துக்கோங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் போதும். பஃப், ஃபாயில், ஃப்ளாக் வகைகளைக் கடைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

கெட்ட பிறகு செய்யக்கூடியவை

டி.டி.எஃப். அல்லது வினைல் படத்தின் ஓரம் எழும்பியிருந்தால் பெரும்பாலும் மீண்டும் ஒட்டலாம். சட்டை முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். எழும்பிய ஓரத்தைச் சரியாகப் படியவைத்து, அதன்மேல் பேக்கிங் தாளை வைத்து, நீராவியை நிறுத்திய பெட்டியை இரண்டு புள்ளிச் சூட்டில், அதாவது 150 டிகிரி அளவில், அசைக்காமல் பத்து முதல் பதினைந்து நொடி அழுத்திப் பிடிக்கவும். தாளை உடனே உரிக்காமல் முழுவதும் ஆறிய பிறகு எடுக்க வேண்டும். துணி பாலியஸ்டராக இருந்தால் இதை வீட்டில் செய்யாமல், வெப்ப அழுத்த இயந்திரம் உள்ள பிரிண்டிங் கடையில் கொடுப்பது பாதுகாப்பானது.

பிளாஸ்டிசாலில் விழுந்த விரிசலை இணைக்க வழியில்லை. ஆனால் நிறம் வெளிறியது போலத் தெரிவது எல்லாமே உண்மையான வெளிறல் அல்ல. உரசலால் பருத்தி இழைகள் மையைத் துளைத்துக்கொண்டு மேலே எழும்பி நிற்கும்போதும் படம் மங்கலாகவே தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படத்தின்மேல் மெல்லிய பூனைமுடி போல அது தென்படும். அப்படியானால் அன்றிலிருந்தாவது திருப்பித் துவைக்கத் தொடங்குங்கள். மேலும் எழும்புவது குறையும்.

படத்தின் மை இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டில் ஒட்டிக்கொண்டால் உடனே மின்இணைப்பை எடுத்துவிட்டுச் சன்னலைத் திறக்கவும், கருகும் பி.வி.சி.யின் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும். தகடு வெதுவெதுப்பாகும் வரை பொறுத்து, ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரத்துண்டால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். கத்தியும் கம்பி நாரும் ஒட்டாப் பூச்சைக் கிழித்துவிடும். எஞ்சிய படிவை, தகடு முழுவதும் ஆறிய பிறகு சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துணியால் தேய்த்து எடுத்து, ஈரத்துணியால் துடைக்கலாம். அதன் பிறகு பெட்டியை மீண்டும் சூடாக்கி ஒரு பழைய வெள்ளைத் துணியின்மேல் பலமுறை ஓட்டிப் பார்த்து, எந்தத் தடமும் விழாத பின்னரே அடுத்த உடையைத் தொட வேண்டும்.